தண்ணீர் வருவதற்கு முன்னால்

படம் பார்த்தால்தான் பாவம், படத்துக்குக் குரல் கொடுத்தால் பாவமில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் அகாஃபியாதான். எந்தக் கட்டளையில் எந்த இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

"குரலை எவனாவது வரைய முடியுமா? சுவத்துல மாட்ட முடியுமா? அதுக்கு முன்னாடி மண்டி போட முடியுமா? அப்புறம் என்னடி பாவம்?" என்று சலவைக்கூடத்து ஆவிக்குள் நின்றுகொண்டு கேட்டாள். மற்ற பெண்கள் துணி பிழிவதை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் சரி என்று அர்த்தம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் குடியிருந்த மலக்கான் என்ற கிறிஸ்தவச் சபைச் சனம் அது. பிள்ளைகளை ஜாரின் பட்டாளத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று ரஷ்யாவை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். ஏசுநாதர் படத்தையே வீட்டில் மாட்டாதவர்கள், சினிமாப் படத்தை ஏறிட்டுப் பார்ப்பார்களா? டிராம் ஏறினால் ஹாலிவுட். உலகமே வாயைப் பிளந்து பார்த்த படங்களை அங்கே எடுத்துத் தள்ளினார்கள். இந்தத் தெருக்காரர் ஒருவர்கூடக் கொட்டகை வாசலை மிதித்ததில்லை. மிதித்ததாக ஒப்புக்கொண்டதில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் பேச ஆரம்பித்திருந்த சமயம். ஊமைப் படத்தை அதன் பிறகு ஒரு பயலும் சீந்தவில்லை. ஊரையே கூட்டி, மலை கட்டி, ஆறு வெட்டி எடுத்த பழைய படமெல்லாம் கம்பெனிகளின் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன. அதில் ஒன்று பெருவெள்ளப் படம், எடுத்து ஆறு வருஷமாகியிருந்தது. வாத்தியமும் ஓலமும் சேர்த்துப் புதுப் படம் என்று மறுபடியும் ஓட்டிவிடலாம் என ஒரு கம்பெனிக்காரன் மூளையில் உதித்தது. ஓலமிட ஆள் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை மலக்கான் சபையில் பெண்கள் சங்கீதம் பாடினால் ஆற்றுக்கு அந்தக் கரையில் நாய் குரைக்கும். அப்படித்தான் ஆள் தேடிச் சலவைக்கூடத்துக்கு வந்தார்கள்.

பெண்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். அதற்கு அந்த ஒலிப்பதிவுக்காரர், கெஸ்லர் என்ற குள்ள மனிதர், தலையைச் சொறிந்தார். யாராவது ஒருத்தி திரையைப் பார்த்தே ஆக வேண்டும், எங்கே ஆரம்பிப்பது எங்கே நிறுத்துவது என்று தெரிந்து மற்றவர்களை நடத்த வேண்டும் என்றார்.

எல்லோரும் உஸ்தீனியாவைப் பார்த்தார்கள்.

"அவ பாக்கட்டும். இனிமே கெட்டுப்போக அவளுக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் அகாஃபியா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

உஸ்தீனியா ஓடிப்போனவன் பெண்டாட்டி. அவள் புருஷன் லுக்கியான் மரவாடியில் ரம்பம் ஓட்டியவன். மரவாடியில் வேலை நின்றிருந்த ஒரு வசந்தகாலத்தில், "ஃப்ரெஸ்னோ பக்கம் திராட்சைக் கொடி கட்ட ஆள் எடுக்கறாங்களாம், போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஃப்ரெஸ்னோ ஸ்டேஷனில் முடி வெட்டிக்கொண்ட ஒருத்தியோடு அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அவனைப் பிடித்து உலுக்கினால், தான் பார்க்கவில்லை, பார்த்தவன் சொல்லக் கேட்டேன் என்றான். அதற்குள் கதை தெருவெல்லாம் சுற்றி வந்து சபையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

செத்தவன் பெண்டாட்டி என்றால் முன்வரிசையில் இடம் உண்டு, செத்தவன் பெயரைச் சொல்லி ஜெபம் உண்டு, நினைவு விருந்து உண்டு. ஓடிப்போனவன் பெண்டாட்டிக்குக் கடைசி பெஞ்சுதான். உஸ்தீனியாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. செத்துவிட்டான் என்றால் அவன் பெயரில் ஒரு விருந்து போட்டு நாலு பேர் முன்னால் அழ வேண்டும். இருக்கிறான் என்றால் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆறு வருஷம் அவள் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்குள்ளே மாமியார் மலான்யா வேறு. பிள்ளை நினைப்பு வரும்போதெல்லாம், "வீடு வாசலை விட்டு ஓடற அளவுக்கு நீ என்னடி பண்ணின அவனை?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் எதிரொலி வராமலிருக்கக் கனத்த ரஜாய்ப் போர்வைகள் தொங்கின. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றார்கள். "என்னம்மா இது, வாத்தியார் வெளிய நிக்க வெச்ச மாதிரி!" என்று கெஸ்லர் சிரித்தார். விளக்கை அணைத்தார்கள். உஸ்தீனியா தன் வாழ்நாளில் முதன்முதலாகத் திரையைப் பார்த்தாள்.

அட்டைப் பாறையும் நிஜ மண்ணுமாக ஒரு மலை. அதன் அடிவாரத்தில் தாடிக்காரர் கூட்டம். வானத்தைக் காட்டிக் கத்துகிறார்கள், ஆனால் சத்தமில்லை. அந்தச் சத்தத்தைத்தான் இவர்கள் கொடுக்க வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில் ஒருவன் நின்றான். ஓடப்போகிறவன், ஓடுவதற்கு முன்னால், தாடியை இரண்டு கையாலும் சுருட்டிச் சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டான்.

தாடி ரம்பத்தில் சிக்கிவிடக் கூடாதென்று மரவாடிக்காரன் செய்கிற காரியம் அது. லுக்கியான் வீட்டில் சூப் குடிக்க உட்கார்ந்தாலும் அப்படித்தான் செருகிக்கொள்வான். "இங்க என்ன ரம்பமா ஓடுது?" என்று அவள் எத்தனை தடவை சிரித்திருப்பாள்! இடுப்பில் அவன் அம்மா நெய்து கொடுத்த குஞ்சக் கயிறு. அப்போது மலைக்கு மேலிருந்து தண்ணீர் வந்தது. வேஷத் தண்ணீர் இல்லை, தொட்டிகளை உடைத்துவிட்ட நிஜத் தண்ணீர். அதோடு மரக்கட்டைகள் உருண்டு வந்தன. அவன் திரும்பிப் பார்த்தான். கழுத்துக்குள் செருகிய தாடி வெளியே வந்து மிதந்தது. வாய் திறந்தது. ஒரு கட்டை அவன் தலைமேல் ஏறிக் கடந்து போயிற்று. அப்புறம் அவன் இல்லை.

அவள் அலறினாள். இதுதான் ஆரம்பம் போலிருக்கிறது என்று முதுகு காட்டி நின்ற பெண்களும் சேர்ந்து அலறினார்கள்.

"அபாரம்! இதைத்தான் கேட்டேன்!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கெஸ்லர் துள்ளிக் குதித்தார். விளக்கைப் போட்டபோது உஸ்தீனியா திரைத்துணியைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொட்டியைத் திறந்த அன்னிக்குச் சில பேருக்கு அடிபட்டுதுன்னு பேச்சு. நான் அப்ப இங்க இல்லம்மா. கம்பெனி மூச்சு விடல. பேரு ஊரு யாரு கேட்டாங்க? தாடி இருந்தா லாரியில ஏறுன்னாங்க, அவ்வளவுதான்."

அவன் ஏன் பொய் சொல்லிவிட்டுப் போனான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சினிமாவுக்குப் போகிறேன் என்றால் சபை தோலை உரித்திருக்கும். பாவி, ஓடிப்போகவில்லை. டிராம் தூரத்தில்தான் செத்திருக்கிறான். அவன் செத்ததை நியூயார்க்கில் பார்த்திருக்கிறார்கள், சிகாகோவில் பார்த்திருக்கிறார்கள், கடல் தாண்டியும் பார்த்திருக்கிறார்கள். அவன் தெருக்காரர்கள் மட்டும்தான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் போய் நின்று சொன்னாள். சபைத் தலைவர் யெஃபிம் ஸவேலிச் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு சாட்சி வேணுமே. வேதம் அப்படித்தானே சொல்லுது? உன்கூட வந்தவங்க பாத்தாங்களா?"

"நாங்க எதுக்குப் பாக்கறோம்?" என்றாள் அகாஃபியா பெருமையாக. "கடைசி வரைக்கும் முதுகைத்தான் காட்டிட்டு நின்னோம்."

"அப்ப நீங்களே வந்து பாருங்க பெரியவரே" என்றாள் உஸ்தீனியா. " அடுத்த மாசம் மெயின் தெருக் கொட்டகையிலயே போடறாங்க. யார் வேணா பாக்கலாம்."

"பாக்கறதே பாவம். ஒரு பாவத்தை நிரூபிக்க இன்னொரு பாவத்தை எவன் தலையில கட்டச் சொல்ற?"

முன்வரிசையில் மலான்யா எழுந்தாள். "நான் போறேன். பெத்தவளுக்குத் தெரியாதா, பெத்த பிள்ளையா இல்லையான்னு?"

யெஃபிம் ஸவேலிச் வெகுநேரம் தாடியைத் தடவினார். "நான் போகச் சொல்லல. போகாதேன்னும் சொல்லல" என்றார்.

படம் வந்ததும் மாமியாரும் மருமகளும் பகல் காட்சிக்குப் போனார்கள். மலான்யா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, யாரோ பல் பிடுங்கப்போகிறார்கள் என்பதுபோல் விறைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்ததும் உஸ்தீனியா அவள் தோளைத் தொட்டாள். "இப்ப பாருங்க அத்தை. ஓரத்துல."

சால்வை இறங்கியது. அவன் தாடியைச் சுருட்டினான், செருகினான். கிழவியின் கை உஸ்தீனியாவின் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தது. நகம் தோலுக்குள் இறங்கிற்று. "என் ராசா" என்ற சொல் அவள் வாயிலிருந்து காற்றாக வந்தது. மலை மேலே தண்ணீர் தெரிந்த கணத்தில் அவள் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொட்டகை நிறைய உஸ்தீனியாவின் அலறல் எழுந்து அடங்கியது.

திரும்பி வரும்போது டிராமில் உஸ்தீனியா மனசுக்குள் விருந்துக்குக் கோழியைக்கூடப் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மலான்யா சபை நடுவில் நின்றாள். "பாத்தேன்" என்றாள். "என் பிள்ளை இல்ல."

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. "தாடியைச் செருகினதைப் பாத்தீங்கல்ல! ராசான்னு சொன்னீங்கல்ல! என் கையைப் பாருங்க, உங்க நகக் கீறல் இன்னும் ஆறல! சபை நடுவுல நின்னு பொய் சொல்றீங்களே, நீங்க மனுஷிதானா?"

"தாடி வெச்சவன் எவனும் செருகுவான்" என்று சொல்லிவிட்டுக் கிழவி டீ கொதிக்கிற சமோவாரைத் துடைக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு விசித்திரம் நடந்தது. மத்தியான வேளைகளில் மலான்யாவைக் காணோம். சூரியகாந்தி விதைப் பையை மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுகிறாள். ஒரு நாள் உஸ்தீனியா பின்னாலேயே போனாள். கிழவி டிராம் ஏறினாள், மெயின் தெருவில் இறங்கினாள், நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தாள். முதல் வரிசை. சினிமாவைச் சாத்தானின் கண்ணாடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மலான்யா, முக்காடு போட்ட தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் அவன் தாடியைச் செருகினான். கிழவி எழுந்தாள். ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து வாசலில் நின்றாள். உள்ளே அலறல் கேட்டது. அது அடங்கியதும் மறுபடி உள்ளே போகத் திரும்பினாள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்க. எதிரே உஸ்தீனியா நின்றாள்.

"இது என்ன அத்தை?"

மலான்யா பொய் சொல்லவில்லை. அதற்குத் தெம்பில்லை. "தண்ணி வர்றதுக்கு முன்னாடி எழுந்து வந்துட்டா அவன் உசுரோடதானடி இருக்கான்" என்றாள். "ஓடப்போறான். நல்லா ஓடுவான் என் பிள்ளை."

"அவன் செத்துட்டான். ஆறு வருஷமாச்சு செத்து."

"ஓடிப்போனவன்னு ஊரு சொல்லிட்டுப் போகட்டும். ஓடிப்போனவன் ஒரு நாள் வருவான். செத்தவன் வருவானா?"

"அப்ப நான்? நான் ஓடிப்போனவன் பொண்டாட்டியாவே கடைசி பெஞ்சுல உக்காந்து சாகணுமா?"

கிழவி அவளை நேராகப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "நீ அவனுக்குப் பொண்டாட்டி. நான் அவனைப் பெத்தவ." சொல்லிவிட்டு உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படம் எத்தனை நாள் ஓடும்? எடுத்துவிட்டார்கள். முழுசாகப் பேசுகிற படங்கள் வந்து குவிந்தன. வாயில் சுருட்டோடு துப்பாக்கி சுடுகிறவர்கள், படிக்கட்டில் கால் தட்டி ஆடுகிறவர்கள். ஊருக்கெல்லாம் வேலை போய்ச் சூப்புக்கு வரிசையில் நின்ற காலத்தில் திரையில் சலவைக்கல் மாளிகையாகக் காட்டினார்கள். மலான்யா அவ்வளவையும் பார்த்தாள். வெள்ளம் வருகிற படம், புயல் வருகிற படம், கப்பல் மூழ்குகிற படம் என்று ஊர் முழுக்கக் கொட்டகை கொட்டகையாகத் தேடி அலைந்தாள். சபையில், கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். சாட்சி சொன்னது அவளுக்குப் புத்தி தெளிவாக இருந்த காலத்தில் என்பதால் அதை மட்டும் மாற்றவில்லை.

உஸ்தீனியா சும்மா இருக்கவில்லை. கெஸ்லரைத் தேடிப்போனாள். பழைய படத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள் என்றார் அவர். வெள்ளத்தைத் தனியாக, தீயைத் தனியாக, கூட்டத்தைத் தனியாக எடுத்துவைத்து, வேண்டியவனுக்கு விற்கிறார்கள். புதுசாக வெள்ளம் விடுவதற்குப் பழைய வெள்ளம் மலிவு. "உங்க கத்தல்கூட ஒரு டப்பாவுல இருக்கும்மா. கொலை நடக்கற படத்துக்கெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க." சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தார்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எத்தனையோ மாசம் கழித்து அவரே ஆள் அனுப்பிச் சொன்னார். சனிக்கிழமைகளில் ஓடுகிற ஒரு மட்டமான தொடர்படத்தில் அந்த வெள்ளத்தைப் போட்டிருக்கிறார்களாம். "ஆனா முழுசா இல்லம்மா. ஆளுங்க ஓடறதெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்புல தண்ணிதான். அந்த முகம், அந்தக் கட்டை, உங்க குரல். கண் இமைக்கற நேரம்."

உஸ்தீனியா வீட்டுக்கு வந்தாள். மலான்யா ஜன்னலோரம் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தாள். எத்தனை மெலிந்துவிட்டாள்! ஆனால் வயிறு எரிந்ததும் நிஜம், அந்தக் கடைசி பெஞ்சும் நிஜம்.

"அத்தை, அந்த வெள்ளம் திரும்ப வந்திருக்காம்" என்றாள். "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்." வேறொன்றும் சொல்லவில்லை.

கிழவி அன்றைக்குத் தலைவாரி, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். கொட்டகை முழுக்கப் பிள்ளைகள், சோளப்பொரி, விசில். ஒரு துப்பறிவாளன் ஓர் அணையின் மேல் எவனையோ துரத்தினான். வில்லன் ஒரு நெம்புகோலை இழுத்தான். மலான்யா, பிள்ளை வருவதற்கு முன் என்ன வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவள், தாடிக்காரர் கூட்டத்துக்காக முன்னால் சாய்ந்து காத்திருந்தாள்.

நேராகத் தண்ணீர் வந்தது. தண்ணீருக்குள் அவன் முகம். தாடி மிதந்தது, வாய் திறந்தது, கட்டை ஏறிக் கடந்தது. உஸ்தீனியாவின் அலறல். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கிழவிக்குச் சால்வையை இழுக்க நேரமிருக்கவில்லை. கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது, நின்றபடியே இருந்தது. உஸ்தீனியாதான் அதைப் பிடித்து மடியில் இறக்கிவைத்தாள்.

டிராமில் வெகுதூரம் வந்த பிறகு மலான்யா கேட்டாள்.

"ஓடறது இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

கிழவி தலையாட்டினாள். கோபம்கூட இல்லை. "வீட்டுக்குப் போனதும் மாவு பிசைஞ்சு வை. விருந்துக்கு நூடுல்ஸ் சீவணும். நாளைக்குச் சபையில நான் சொல்லிடறேன்."

சொன்னாள். லுக்கியான் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். யெஃபிம் ஸவேலிச் முன்வரிசையைக் காட்டினார். விருந்தில் அகாஃபியா உஸ்தீனியாவைக் கட்டிக்கொண்டு, எனக்கு அன்னிக்கே தெரியும் என்று அழுதாள். நாலு பேர் முன்னால் அழ வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்த உஸ்தீனியாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள் கண் மேஜையின் அந்தக் கோடியிலேயே இருந்தது. அங்கே மலான்யா தன் சூப்புக் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் போன பிறகு உஸ்தீனியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒரு வாய் சாப்பிடுங்க அத்தை."

"முதல் நாளே கண்ணை மூடிக்கிட்டேன்டி" என்றாள் மலான்யா. "காதை மூடத் தோணல. அந்தக் கத்தல் உன்னோடதுன்னு அப்பவே தெரியும். வேற யாருக்காகவும் நீ அப்படிக் கத்த மாட்டேன்னும் தெரியும். அப்புறம் வாசல்ல நின்னு தினம் கேட்டேன். பேசாத படமாவே விட்டிருக்கலாம், பாவிங்க."

உஸ்தீனியா கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். கிழவி அதை அப்படியே திருப்பி நகர்த்தினாள். சூப் ஆறிப்போயிருந்தது.